லிசார்ட் என்றால் பல்லியா, ஓணானா?

கேள்வி இது: ஆங்கிலத்தில் லிசார்ட் என்று வருகிற இடத்திலெல்லாம் தமிழில் "பல்லி" என்று எழுதலாமா? ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி எல்லாம் பல்லிதானா? அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டா?

கண்ணை மூடிக்கொண்டு பல்லி என்று எழுதினால் பாதி இடங்களில் தப்பாகிவிடும். லிசார்ட் என்பது ஒரு பெருங்கூட்டத்துக்கு வைத்த பொதுப்பெயர். உலகில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடங்கும். தமிழில் அந்தக் கூட்டம் முழுவதையும் சுட்டும் பேச்சுவழக்குச் சொல் கிடையாது. நமக்குத் தனித்தனிப் பெயர்கள்தான் உண்டு: சுவரில் இருப்பது பல்லி, வேலியில் இருப்பது ஓணான், சருகில் ஓடுவது அரணை, புற்றிலும் பொந்திலும் இருப்பது உடும்பு, மரக்கிளையில் அடி அளந்து நடப்பது பச்சோந்தி. கிராமத்துச் சிறுவன் ஒருவனிடம் ஓணானைக் காட்டிப் "பல்லி" என்று சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவான். ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது "எந்த லிசார்ட்?" என்பதைத்தான்.

பல்லியிலிருந்து தொடங்குவோம். இது ஆங்கிலத்தில் கெக்கோ என்று சொல்லப்படும் குடும்பத்துக்கு உரிய பெயர். அடையாளம் காண மூன்று விஷயங்கள் போதும். விரல் நுனிகள் பட்டையாக விரிந்து, அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்புகளில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களால்தான் அது கண்ணாடியில்கூட ஒட்டி நடக்கிறது. வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை இல்லை. கண்ணில் தூசி பட்டால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும். மூன்றாவது, அதற்குக் குரல் உண்டு. நம் நாட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் இந்தக் கூட்டத்தில் "ச்சக் ச்சக்" என்று வாய்விட்டுச் சொல்வது பல்லி மட்டும்தான்.

தமிழ் இந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டது. பல்லி "கத்துகிறது" என்பதைவிட "சொல்கிறது" என்பதே நம் வழக்கு. குறுந்தொகையின் 16-ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு காட்சி வைக்கிறார்: வழிப்பறிக் கள்வர் அம்பைச் செப்பம் செய்வதற்காக அதன் இரும்பு முனையை நகத்தின் நுனியில் வைத்துப் புரட்டுகிறார்கள். அப்போது எழும் சின்னஞ்சிறு ஓசையைப் போலச் "செங்காற் பல்லி" கள்ளிக்காட்டில் தன் துணையை அழைக்கிறது. நகத்தில் இரும்பு உரசும் அந்த ஓசையைக் காதில் வைத்துக்கொண்டு இன்றிரவு டியூப் லைட் பக்கம் கேட்டுப் பாருங்கள், உவமை எவ்வளவு துல்லியம் என்று தெரியும். நமக்கு இங்கே வேண்டிய செய்தி ஒன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகப் பல்லி என்ற சொல் குரல் கொடுக்கும் இந்த ஒரு விலங்கையே குறித்து வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஊமையான ஓணானுக்கும் உடும்புக்கும் சேர்த்துப் போர்த்துவது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

குரலிலிருந்துதான் சகுனமும் வந்தது. கலித்தொகையின் 11-ஆம் பாட்டிலேயே "மனைவயின் பல்லியும் பாங்கொத்து இசைத்தன" என்று தலைவி நல்ல நிமித்தமாகச் சொல்கிறாள். பஞ்சாங்கத்தில் இன்றும் பல்லி சொல்லுக்குப் பலன், பல்லி விழும் பலன் என்று இரண்டு பகுதிகள் அச்சாகின்றன. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுவர மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். "ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி" என்ற பழமொழியும் இதே நம்பிக்கையின் மறுபக்கம். இந்த இடங்களில் பல்லி என்பதை வேறு எந்தச் சொல்லாலும் மாற்ற முடியாது.

பல்லிக்குக் கௌளி என்றும் பெயர். பேச்சில் கெவுளி, கவுளி என்றெல்லாம் திரியும். இங்கே ஒரு குழப்பம் வரும்: வெற்றிலைக் கடையில் "ஒரு கவுளி" என்றால் நூறு வெற்றிலை கொண்ட கட்டு. ஒலி ஒன்று, பொருள் வேறு. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். பல்லி என்ற வடிவத்துக்கே இன்னொரு பழம்பொருளும் உண்டு. புறநானூறு 120-இல் "பல்லி ஆடிய" என்று வருவது விதைத்த நிலத்தில் பல் வைத்த கருவியை ஓட்டும் வேலை, அதாவது தாளியடித்தல். அந்த வரியைப் படித்துவிட்டு வயலில் பல்லி ஓடியது என்று உரை சொன்னவர்கள் இருந்தால் ஆச்சரியமில்லை. எழுத்துப்பிழையில் பெரியது பல்லி – பள்ளி. ளகரம் போட்டால் பள்ளிக்கூடமாகிவிடும்.

தெலுங்கில் பல்லி, கன்னடத்தில் ஹல்லி, மலையாளத்தில் பல்லி என்று அண்டை மொழிகளிலும் இதே சொல்தான். தெலுங்கில் தொடக்கத்தில் "பஸ்" என்பதில் வருகிற ப போல ஒலிக்கும். பொருள் அங்கெல்லாமும் வீட்டுப் பல்லிதான்.

இனி ஓணான். பழைய பெயர் ஓதி, ஓந்தி. குறுந்தொகை 140-இல் அள்ளூர் நன்முல்லையார் "வேதின வெரிநின் ஓதி முதுபோத்து" என்கிறார். வேதினம் என்றால் பல் வைத்த அரிவாள், வெரிந் என்றால் முதுகு, போத்து என்றால் ஆண். அரிவாள் பல்லைப் போல் முதுகில் முள்வரிசை கொண்ட கிழட்டு ஆண் ஓணான். வேலிக்காலில் வெயில் காயும் ஓணானின் கழுத்திலிருந்து முதுகுவரை போகும் அந்தச் சிலிர்த்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வர்ணனை தேவைப்படாது. இந்த முள்வரிசையும், சொரசொரப்பான செதிலும், உடலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட வாலும் ஓணானின் அடையாளம். இன்னொரு வேறுபாடு: பல்லியும் அரணையும் ஆபத்து வந்தால் வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடும், ஓணான் அப்படிச் செய்வதில்லை. "வால் துடிக்க விட்டுவிட்டு ஓணான் ஓடியது" என்று கதைகளில் படிக்கும்போது உறுத்துவது இதனால்தான்.

ஓந்தி என்ற வேர் அக்கம்பக்கத்திலும் அப்படியே இருக்கிறது: மலையாளத்தில் ஓந்து, கன்னடத்தில் ஓதி, ஓதிகேத. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓணான், ஓந்தான் என்றும், கொங்குப் பக்கம் ஒடக்கான், கரட்டான் என்றும் வழங்கும். எழுதும்போது ணகரம், "ஓனான்" என்பது பிழை.

பழமொழிகளில் ஓணானுக்கு வேலியை விட்டுப் பிழைப்பே இல்லை. "வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி" என்றால் இரண்டு களவாணிகள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வது. "வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம்" என்பது வலியப் போய் வம்பை வாங்கியவனுக்குச் சொல்வது. இங்கே பல்லியைப் போட்டுப் பாருங்கள். குத்தவும் செய்யாது, வேலியிலும் இருக்காது, பழமொழி செத்துவிடும்.

ஓணானுக்கு ஆங்கிலத்தில் "இரத்தம் உறிஞ்சி" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளும் அது எட்ட இருந்தே இரத்தத்தை உறிஞ்சும் என்று நம்பிக் கல்லெடுத்து எறிவார்கள். உண்மை என்னவென்றால், இணைசேரும் பருவத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் தோளும் குங்குமச் சிவப்பாக மாறும். எதிரி ஆணை விரட்டவும் பெண்ணை ஈர்க்கவும் அந்த நிறத்தைக் காட்டித் தலையை மேலும் கீழும் ஆட்டும். தொண்டையில் சிவப்பைக் கண்டதும் குடித்த இரத்தம் என்று கதை கட்டிவிட்டார்கள். ஒரு துளி இரத்தமும் அது குடிப்பதில்லை. அதன் சாப்பாடு பெரும்பாலும் பூச்சிதான். தோட்டத்தில் அது இருப்பது நமக்கு லாபம்.

நிறம் மாறுகிறதே, அப்படியானால் அதுதான் பச்சோந்தியா? இல்லை. செய்தித்தாளில் கட்சி மாறியவரைப் பற்றிய கட்டுரைக்குப் பச்சோந்தி என்று தலைப்பு வைத்து, பக்கத்தில் சிவந்த தொண்டையோடு ஓணான் படம் போடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. பச்சோந்தி என்பது பச்சை ஓந்தி. பெயரில் ஓந்தி இருந்தாலும் குடும்பம் வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஓர் இனம்தான் இயற்கையாக உள்ளது. பார்த்த மாத்திரத்தில் தெரியும்: கண்கள் இரண்டும் கூம்பு போலப் புடைத்து, ஒன்று முன்னாலும் மற்றொன்று பின்னாலும் தனித்தனியே சுழலும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிச் சேர்ந்து குறடு போலக் கிளையைப் பற்றும். வால் சுருளும். நாக்கு உடலின் நீளத்துக்கு மேல் பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும். நடை மெதுவோ மெது, முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் ஓர் அடி வைக்கும். வேலியில் சரசரவென்று ஓடி மறைந்தது எதுவோ, அது பச்சோந்தி இல்லை என்பது நிச்சயம்.

அரணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பெயர்க் குழப்பம் உயிர் விஷயமாகிறது. அரணை என்பது ஆங்கிலத்தில் ஸ்கிங்க். வழவழவென்று எண்ணெய் தடவியது போல் பளபளக்கும் செதில், வெண்கலப் பழுப்பு முதுகு, குட்டைக் கால், தலைக்கும் உடலுக்கும் இடையே கழுத்தே தெரியாத உருளை உடம்பு. சருகுக்குள் நெளிந்து போகும்போது பாம்பு போலத் தோன்றும். அதனால் சில வட்டாரங்களில் பாம்பரணை, பாம்புராணி என்பார்கள். கன்னடத்திலும் அதற்கு ஹாவுராணி என்றே பெயர், ஹாவு என்றால் பாம்பு. மலையாளத்தில் அரண. "அரணை கடித்தால் உடனே மரணம்" என்ற பேச்சு கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. எதுகையைத் தவிர அதில் உண்மை எதுவும் இல்லை. அரணைக்கு விஷமில்லை, கையில் பிடித்து நெருக்கினாலொழியக் கடிப்பதும் இல்லை. கடித்து மனிதரைக் கொல்லும் பல்லி வகையோ ஓணான் வகையோ இந்தியாவிலும் இலங்கையிலும் இல்லவே இல்லை. கடியில் விஷம் ஏற்றும் வகை என்று பேர்பெற்ற கிலா மான்ஸ்டரும் அதன் உறவும் வாழ்வது அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கமும்தான்.

ஆபத்து எங்கே என்றால், இரவில் தரையில் படுத்திருந்தவரை ஏதோ கடித்துவிட, "அரணையாகத்தான் இருக்கும், மந்திரித்தால் போதும்" என்று விட்டுவிடுவதில். அரணை வெயிலில் திரிகிற பிராணி. இரவில் வீட்டுக்குள் வந்து கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். அதன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு திணறும். ஆகவே இருட்டில் கடித்தது எது என்று தெரியாதபோது அதைப் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொண்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், கீறாமல், இறுக்கிக் கட்டாமல், நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போக வேண்டும்.

விஷம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுவது நல்லது: உணவில் பல்லி விழுந்தால் விஷமாகிவிடும் என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. பல்லியின் உடலில் விஷச் சுரப்பி கிடையாது. ஆனால் அதன் எச்சத்திலும் குடலிலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும், அவை வாந்தி பேதியைக் கொண்டுவரும். எனவே அந்த உணவைக் கொட்டுவது சரி, காரணம் கிருமி. சாப்பிட்டவருக்கு வாந்தி பேதி வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடும்பு இந்தக் கூட்டத்தில் பெரியது. ஆங்கிலத்தில் மானிட்டர் லிசார்ட். நம் நிலத்து உடும்பு வாலோடு சேர்த்து 175 சென்டிமீட்டர் வரை வளரும். நீண்ட கழுத்தும், பாம்பைப் போல் பிளவுபட்ட நாக்கும் அடையாளம். மலையாளத்தில் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உட. "உடும்புப் பிடி" என்பது விடாப்பிடிக்குத் தமிழில் உள்ள ஆகச் சிறந்த சொல். பொந்துக்குள் நகத்தை ஊன்றி உடலை உப்பிக்கொண்டால் வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. சொல் பிறந்தது அந்தக் காட்சியில். "உடும்பு போனாலும் போகிறது, கையை விட்டால் போதும்" என்பதோ மாட்டிக்கொண்டவனின் புலம்பல். கோட்டைச் சுவரில் உடும்பை எறிந்து கயிறு பிடித்து ஏறினார்கள் என்ற கதையைச் சொல்லழகுக்காக வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆளின் எடையை அது தாங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தியது உடும்புத் தோல்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது; பிடிப்பதும் கறி, எண்ணெய், தோல் விற்பதும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் கஞ்சிராவுக்கு வந்தது இதனால்தான். கைக்கடிகாரப் பட்டை, கைப்பை விளம்பரங்களில் "லிசார்ட் தோல்" என்று வந்தால் அதைப் பல்லித் தோல் என்று மொழிபெயர்க்காதீர்கள். பல்லித் தோலில் பை தைக்க முடியாது. அது பெரும்பாலும் உடும்பு இனங்களின் தோல்.

இலங்கைத் தமிழில் உடும்பு என்றால் நிலத்தில் வாழ்வது, சிங்களத்தில் தலகொயா. நீர்நிலை ஓரம் திரியும் பெரிய இனத்துக்குச் சிங்களச் சொல்லை ஒட்டிக் கபரக்கொய்யா என்ற தனிப்பெயர் அங்கே புழங்குகிறது. இலங்கை எழுத்தை மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

இந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டால் வெளிநாட்டு விலங்குகளுக்குப் பெயரிடுவதும் எளிது. உறவு எந்தக் குடும்பத்தோடு என்று பாருங்கள், அந்தப் பெயரைக் கடைசியில் வையுங்கள். இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் உடும்புக் குடும்பம், எனவே கொமோடோ உடும்பு. "ராட்சதப் பல்லி" வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விலாத் தோலை விரித்து மரம்விட்டு மரம் சறுக்குகிற டிராக்கோவைப் பறக்கும் பல்லி என்று எழுதுகிறார்கள். அது ஓணான் குடும்பம், பறக்கும் ஓணான் என்பதே பொருந்தும். தொண்டையில் விசிறி போல் தோல் விரிக்கும் சிட்டானாவை விசிறித்தொண்டை ஓணான் எனலாம். இகுவானாவை இகுவானா என்றே எழுதலாம், வாசகருக்குத் தெரிந்த பெயர்தான். முதலை இந்தக் கூட்டத்தில் சேராது. ஆனால் பெயரில் ஒரு பழைய உறவு இருக்கிறது: அலிகேட்டர் என்பது "எல் லகார்த்தோ" என்ற ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது, அதன் பொருளே லிசார்ட். லிசார்ட் என்ற சொல்லும் அதே லத்தீன் மூலமான லசெர்ட்டாவிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

கூட்டம் முழுவதையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால்? பாடநூல், அறிவியல் கட்டுரைகளில் இந்தத் தேவை வரும். "ஊர்வன" என்பது பாம்பு, ஆமை, முதலையையும் சேர்த்துக்கொள்ளும், அகலம் அதிகம். முதல் தடவை "பல்லி, ஓணான், அரணை, உடும்பு முதலியவற்றை உள்ளடக்கிய பல்லியினம்" என்று விரித்துச் சொல்லிவிட்டு, அதன்பிறகு "பல்லியினம்" என்று சுருக்கினால் குழப்பம் இராது. வெறும் "பல்லிகள்" என்று தொடங்கினால் வாசகர் மனத்தில் சுவர்தான் வரும். குட்டிகளுக்குத் தொல்காப்பியம் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைத் தவழ்பவற்றுக்கும் உரியதாகச் சொல்கிறது. இன்றைய வழக்கில் பல்லிக்குட்டி, ஓணான் குட்டி என்பதே இயல்பு.

பொருள் முற்றிலும் மாறும் இடங்கள் சில. டைனோசர் என்ற பெயரை ரிச்சர்ட் ஓவன் 1842-இல் கிரேக்கச் சொற்களால் அமைத்தார்; அதைப் "பயங்கரப் பல்லி" என்று பெயர்ப்பது நகைப்புக்கு இடமாகும், அந்த விலங்குகள் பறவைக்கும் முதலைக்குமே நெருங்கிய உறவு. "லிசார்ட் பிரெய்ன்" என்று மனவியல் கட்டுரைகளில் வருவது பயம், பசி, சண்டை போன்ற ஆதி உணர்ச்சிகளைச் சுட்டும் உருவகம். ஊர்வன மூளை அல்லது ஆதி மூளை என்று எழுதலாம், ஆனால் மூளை அப்படி அடுக்கடுக்காக வளர்ந்தது என்ற கருத்தை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "லவுஞ்ச் லிசார்ட்" என்பது விருந்துக் கூடங்களில் மினுக்கிக்கொண்டு திரிந்து, வசதியான பெண்களின் தயவைத் தேடுகிற ஆண். நம் "மைனர்" கிட்ட வருகிறது, ஆனால் மைனர் செலவழிப்பது அப்பன் சொத்தை, இவன் குறி பிறர் பணத்தில். ஆகவே "ஒட்டுண்ணி மைனர்" என்றால் சரியாக விழும். "லீப்பிங் லிசார்ட்ஸ்!" என்பது வியப்பொலி, "அடேங்கப்பா!" போதும். இங்கிலாந்தின் தென்கோடியில் கார்ன்வாலில் உள்ள லிசார்ட் முனைக்கும் இந்தப் பிராணிக்கும் தொடர்பில்லை. உயர்ந்த இடத்து அரண்மனை என்ற பொருளுள்ள கார்னிஷ் மொழிச் சொல்லிலிருந்து திரிந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஊர்ப்பெயராக அப்படியே எழுத வேண்டியதுதான். லிசார்ட் ஃபிஷ் என்று மீன் பட்டியலில் வந்தால் பல்லிமீன் என்று அகராதியைப் பார்த்து எழுதும் முன், மீனவர்கள் அதைத் தும்பிலி என்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். சந்தையில் போய்ப் பல்லிமீன் என்று கேட்டால் யாருக்கும் புரியாது.